அலுமாரிக்குப் பின்னால் இருந்த நிறம்

ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு மாறும்போது, சாமிப்படங்களுக்கு அடித்த ஆணித் துளைகளை அடைத்துப் பெயின்ற் பூச வேண்டியிருந்தது. பழைய கம்பனியின் பெயின்ற் இப்போது வருவதில்லை. சுவரில் சிறு துண்டு சுரண்டிக் கொண்டுவந்தால், வேறு கம்பனிப் பெயின்றில் அதே நிறத்தைக் கலந்து தருவதாகக் கடைக்காரி சொன்னார். சுவரின் அழகைக் கெடுப்பானேன் என்று, அதே சுவரோடு நின்ற அலுமாரிக்குப் பின்னால் சுரண்டினேன்.

பூசிக் காய்ந்ததும் ஒவ்வொரு துளையும் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. இரண்டு நாளில் வீட்டுக்காரர் பார்க்க வருகிறார். சுவர் சரியில்லையென்றால் சாவியை வாங்கமாட்டார்.

"அந்த மனிசி பிழையாக் கலந்து தந்திட்டா," என்றேன்.

என் கணவர் அலுமாரியை நகர்த்தி, அதன் பின்னாலும் கொஞ்சம் பூசிப் பார்த்தார்.

"இஞ்சை அச்சொட்டாப் பொருந்துதப்பா. விளக்குப் புகையும் சாம்பிராணியும் படாத இடத்திலையெல்லோ நீர் சுரண்டியிருக்கிறீர்."

மிஞ்சிய பெயின்றால் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் பூசினோம். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் பூச வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே சுரண்டுகிறேன். முதலில் ஒரு மட்டையில் பூசி, காய்ந்தபின் சுவரோடு வைத்துப் பார்க்கிறேன். கடைக்காரியைக் குறை சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்னும் ஒருமுறைகூடச் சொல்லக் கிடைக்கவில்லை.