உரிய வழியில் ஒரு நாவல்

இலக்கியத் தன்மை மட்டுமே கொண்ட நூலை வெளியிட அரசு ஊழியர் முன் அனுமதி பெறத் தேவையில்லை. நடத்தை விதிகளில் இது ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டும் வைத்திருந்தேன். யாராவது கேட்டால் புத்தகத்தைத் திறக்காமலே ஒப்பிப்பேன். ஆனாலும் 1969இல், என்னுடைய ஒரே நாவலுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். இப்போது புத்தகம் போடும் ஆசையோடு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: தேவையில்லாத அனுமதியைக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்ட பிறகுதான், அதை மறுக்கவும் முடியும் என்பது மேலே இருப்பவருக்குத் தெரிய வருகிறது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு கட்டில். கல்யாணம் ஆகவில்லை, அதற்கு எந்த விதியும் தடையாக இருக்கவில்லை. சனிக்கிழமை மாலை மூடிய வாய் திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டின் முன்னால்தான் திறக்கும். இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதியதுதான் அந்த நாவல். பழவேற்காடு ஏரியின் அக்கரைக்குத் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போகும் ஒரு மீனவப் பெண்ணின் கதை. அதை யார் படிப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. படிக்கக்கூடிய யாரையும் எனக்குத் தெரியாது.

மதராஸ் பதிப்பாளர்கள் இரண்டு பேருக்கு எழுதினேன். ஒருவர் பதில் போடவில்லை. மற்றவர், பத்திரிகையில் தொடராக வந்ததா என்று கேட்டு ஒரு கார்டு போட்டார். வரவில்லை என்று எழுதினேன். அவரும் அதன் பிறகு பதில் போடவில்லை. சரி, நாமே அச்சிடுவோம் என்று பொன்னேரியில் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடிக்கும் அச்சகத்துக்குப் போனேன். அதன் முதலாளி, யாரோ கொடுத்த நோட்டீசை அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

“நீ கவர்மெண்டு ஆளு நைனா. நாளைக்கி எதுனா ஆச்சின்னா உன்ன உட்டுடுவான், என்ன இஸ்துகினு பூடுவான். பர்மிஷன் பேப்பர் கொண்டா, அடிச்சித் தரேன்.”

“விதிப்படி இதுக்கு பர்மிஷனே வேண்டாம்.”

“அப்போ வேணாம்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கினு வா.”

அத்தனை வருட சர்வீசிலும் இந்த வாதத்துக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

விண்ணப்பத்தை உரிய வழியில் அனுப்பினேன். அதாவது, எனக்கு மேலே இருந்த ஒவ்வொருவர் மேசையிலும் அது தூங்கி எழுந்து போக வேண்டும். நாவலையும் இணைத்தால்தான் முடிவெடுக்க முடியும் என்றார் தலைமை எழுத்தர். இணைத்தேன். விண்ணப்பத்துக்குக் கார்பன் வைத்து மூன்று பிரதிகள் எடுத்தேன். நாவல் ஒரே பிரதி. கடலை மிட்டாய் வாங்கினால்கூட ரசீது கேட்கும் ஆள் செய்த காரியம் இது. கையெழுத்துப் பிரதியை இரண்டாவது முறை எழுதிவைக்காமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

திருவள்ளூரிலிருந்த மேல் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. இந்த நாவல் அலுவலக நேரத்தில் எழுதப்பட்டதா? இல்லை. கதையில் வரும் தாசில்தார் பணியில் உள்ள எவரையேனும் குறிக்கிறாரா? கதையில் தாசில்தார் வாயே திறப்பதில்லை என்று பதில் எழுதினேன். அப்படியானால் அவர் ஏன் வருகிறார் என்று அடுத்த கடிதம். அது நியாயமான கேள்வி. அச்சில் அந்தத் தாசில்தாரை எடுத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் போயின. மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாவலை நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தேன். வாக்கியங்கள் வந்தன, அந்தப் பெண் வரவில்லை. பிரதி தொலைந்துவிட்டால் நான் எழுதினேன் என்பதற்கு அந்த நினைவூட்டுகள் மட்டுமே சாட்சி என்று தோன்றியபோது, ஒரு நாள் விடுப்பு போட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறித் திருவள்ளூருக்குப் போனேன்.

என் கோப்பைக் கவனித்த பிரிவு எழுத்தர் ஐம்பதை நெருங்கியவர். நாவலின் மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் துளை போட்டுக் கயிறு கோத்திருந்தார்கள். துளை விழுந்த இடத்தில் ஒரு சொல் போயிருந்தது. (இடது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதுங்கள்.) நான் பெயரைச் சொன்னதும் தூக்கை எடுத்துக் கீழே வைத்தார்.

“எழுதினது நீங்கதானா சார்? அந்தப் பொம்பள இன்னா ஆனா?”

எனக்குப் புரியவில்லை.

“ஏரில போனாளே சார், ஊடு வந்து சேர்ந்தாளா இல்லியா? நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தோட என்கிட்ட நிக்கிது. மீதிய மேனேஜர் எடுத்துகினு பூட்டாரு. அவரும் படிக்க மாட்டாரு, கேட்டாலும் குடுக்க மாட்டாரு. எங்க ஊட்லயும் தினிக்கும் கேக்குது, இன்னாச்சி இன்னாச்சின்னு. பேஜாராப் போச்சி சார்.”

நாவலில் அவள் வந்து சேர்வதில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, “வந்துட்டா” என்றேன்.

“அதான பார்த்தேன்!” என்று மேசையைத் தட்டினார். பக்கத்து மேசைக்காரரிடம், “யோவ், வந்துட்டாளாம்யா!” என்றார்.

“யாரு, உன் மச்சினியா?” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

கோப்பு எப்போது முடியும் என்று கேட்க மறந்துவிட்டு ரயிலேறினேன். வழி முழுக்க, யாரோ ஒரு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என் கதை பேசப்படுகிறது என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அறைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்த பிறகு, சொன்னது பொய் என்பதும் நினைவுக்கு வந்தது.

1972இல் உத்தரவு வந்தது. இலக்கியத் தன்மை மட்டுமே கொண்ட நூலுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று, நான் விண்ணப்பத்தில் எழுதிய அதே வரியை எனக்கே திருப்பி எழுதியிருந்தார்கள். நல்லவேளையாக எல்லாப் பக்கங்களும் உடன் வந்தன. அச்சக முதலாளி உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

அவரிடம் எட்டுப் பக்கத்துக்கு, அதாவது ஒரு பாரத்துக்குத்தான், ஈய எழுத்து இருந்தது. எட்டுப் பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். இதனால் ஆறு மாதம் இழுத்தது. கடைசி எட்டுப் பக்கம் வந்தபோது, முடிவை மாற்றி எழுதிக்கொண்டு போனேன். அதில் அவள் வீடு வந்து சேர்ந்தாள். முதலாளி நின்றுகொண்டே படித்தார்.

“இன்னா நைனா இது? மொதோ பாரத்துலயே படகுல ஓட்டன்னு அடிச்சாச்சி. அதப் பாக்காமத்தான் தள்ளிகினு போறா. ராவு முச்சூடும் காத்து வேற. இப்போ கொண்டாந்து ஊட்ல உக்கார வெச்சா படிக்கிறவன் சிரிக்க மாட்டான்?”

“அந்த ஓட்டைய எடுத்துட முடியாதா?”

“அந்த எழுத்தெல்லாம் எப்பவோ பிரிச்சிப் போட்டாச்சி. உன் ஓட்டப் படகு இப்போ ஆரணில ஒரு மாப்பிள்ள பேரா ஆய்டுச்சி. காயிதமும் அடிச்சி அடுக்கி வெச்சாச்சி.”

கடைசிப் பக்கத்தை முடிவு செய்யாமல் முதல் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பழைய முடிவே கோக்கப்பட்டது. அவள் வரவில்லை.

1973இல் புத்தகம் வந்தது. பத்திரிகைகளுக்கு மதிப்புரைக்கு இரண்டிரண்டு பிரதிகள் அனுப்பினேன். எதிலும் ஒரு வரி வரவில்லை. மீதிக் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இடம் போதாமல், கட்டிலின் இரண்டு கால்களை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் புத்தகக் கட்டுகளையே முட்டுக்கொடுத்தேன். என் நாவல் எதையாவது தாங்கியது என்றால் அது என்னைத்தான்.

ஆனால் முதல் பிரதியைத் திருவள்ளூர்ப் பிரிவு எழுத்தருக்கு அனுப்பியிருந்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதைக் கிழித்துவிட்டு, வெறும் புத்தகத்தை மட்டும் அனுப்பினேன். பதில் இல்லை. அவருக்கு மாற்றலாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. எங்கே என்று விசாரிக்க எனக்குத் தெரியாத வழியில்லை, விசாரிக்கவில்லை. புத்தகம் கிடைக்காமல் போயிருந்தால் அவர் வீட்டில் அவள் இன்னும் உயிரோடு இருப்பாள். கிடைத்திருந்தால் நான் பொய்யன். எது தேவலை என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் யோசித்தேன்.

கடைசியில் அவரிடமிருந்தே ஒரு தபால் கார்டு வந்தது. மூன்று ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுப் புத்தகம் அப்போதுதான் கைக்கு வந்ததாகத் தொடங்கியிருந்தார். கீழே அலுவலகக் கையெழுத்தில், வரிசை எண்கள் போட்டு:

“1. தங்கள் நூல் வீட்டில் அனைவராலும் படிக்கப்பட்டது.

2. நேரில் தாங்கள் தெரிவித்த தகவல், கடைசிப் பக்கத்தில் கண்டுள்ள நிலைக்கு முரணாக உள்ளது.

3. என் மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து விளக்கம் அளிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். சாப்பாடு இங்கேதான்.”

அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதத்திலும் செய்வதைப் போல, வந்த தேதியை அதன் மூலையில் குறித்தேன்: 13.8.1976.