லென்ஸில் குங்குமம்

ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். மைக்ரோஸ்கோப்பை அப்படித்தான் தூக்க வேண்டும். வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்வேன். அடுத்த வாரம் எவனாவது குடத்தைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவான். கத்துவேன். ஐம்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு கல்லூரியின் உயிரியல் துறையில், செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். கத்துகிற சார் என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை. வெள்ளைக்கல் வெட்டுகிற பக்கத்திலிருந்து காற்றடித்தால் மேஜை முழுக்க மாவு தூவினது போலக் கிடக்கும். அந்தத் தூசியோடு லென்ஸைத் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதித் தள்ள வேண்டும், பிறகு பலமுறை துவைத்து நைந்த மல்துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் லென்ஸுக்கு, எண்ணெயைக் கரைக்கிற சைலால் ஒரு சொட்டு, அதற்கு மேல் கூடாது. ஸ்பிரிட் படவே கூடாது, லென்ஸை ஒட்டியிருக்கும் பசை கரைந்துவிடும். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து இதையெல்லாம் செய்வேன். பெண்கள் பார்த்த கருவிகளில், கண் வைக்கும் ஐபீஸ் விளிம்பில் கண்மை வட்டமாகப் படிந்திருக்கும். அதையும் துடைப்பேன்.

எண்ணெய் லென்ஸ் உள்ள கருவி துறைக்கே ஒன்றுதான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை அதில் முக்கி ரத்த அணுக்களைப் பார்க்கிற கருவி. அதன் பெட்டிச் சாவி துறைத்தலைவரிடம் இருக்கும். பெரிய சார் என்போம். அவர் ஆராய்ச்சி செய்தது குளத்துப் பாசி, ரத்தம் இல்லை. ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. மற்ற கருவிகளுக்கு அட்டெண்டர் பொட்டு வைப்பார். பெரிய மைக்ரோஸ்கோப்புக்குப் பெரிய சாரே வைப்பார். அதுவும் கழுத்தில் இல்லை. லென்ஸ் பக்கத்தில். "அதுக்குக் கண்ணே அங்கதானய்யா இருக்குது" என்பார். சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்து லென்ஸில் ஒட்டும். பூஜை முடிந்து பல நாள் வரை சுரண்டாமல் சுரண்டி எடுப்பது என் வேலை. சொல்லிப் பார்த்தேன். என்னை நாத்திகன் என்றார். நான் கோயிலுக்குப் போகிறவன்தான். லென்ஸ் கோயில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் பூஜை முடிந்த வாரத்தில் ரத்தப் பரிசோதனை வகுப்பு. அவரவர் விரலைக் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண், இளம்பிள்ளை ஊரிலிருந்து வருகிறவள், அப்பா பட்டு நெசவு. கண்ணில் மை தீட்டாமல் வரமாட்டாள். அந்தப் பருவம் முழுக்க வகுப்பில் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். "ராத்திரி தறி ஓட்டறயா இல்ல சினிமா பாக்கறயா?" என்று பெரிய சார் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஒருநாள் வகுப்பு முழுக்க நிற்கவைத்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஸ்லைடை நான்தான் எண்ணெய் லென்ஸில் வைத்தேன். நல்ல ரத்தத்தில் வெள்ளையணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், வெளிறிய சிவப்பணுக்களுக்கு நடுவே எங்கேயோ ஊதாவாக ஒன்று தெரியும். அவள் ரத்தத்தில் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஊதா நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

பெரிய சாரைக் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்தார், நிமிர்ந்தார்.

"நான் வச்ச குங்குமம்யா. நீ சரியாத் தொடைக்கல."

"குங்குமம் இல்லீங்க சார். ஐபீஸைத் திருப்பிப் பாத்துட்டேன், கூடத் திரும்பல. ஸ்லைடை நகத்துனா கூடவே நகருது. ரத்தத்துலதான் இருக்குது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமுங்க."

அவர் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "பொம்பளப் புள்ளய்யா. ரத்தத்துல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா நாளைக்கு அவள எவன் கட்டுவான்? வாயை மூடு."

நான் மூடவில்லை. அன்றைக்கே அவளிடம் சொன்னேன், டாக்டரிடம் ரத்தத்தைக் காட்டு என்று. அவள் சிரித்தாள். "பெரிய சார் குங்குமம்னாருங்களே சார். என் ரத்தத்துலயே பொட்டு இருக்குதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லணும்." அடுத்த வாரமும் சொன்னேன். அப்பாவைக் கேட்கிறேன் என்றாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. மாசி மாதம் செத்துப்போனாள். மெட்ராஸ் வரை கொண்டுபோனார்களாம், ரத்தப் புற்று, முன்னாடியே வந்திருந்தாலும் மருந்து இல்லை என்றார்களாம். மருந்து இல்லை, சரி. அந்தப் பிள்ளையை நிற்கவைத்தது எதற்கு? இன்றைக்கும் எனக்கு அதுதான் அடங்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் பெரிய சார் கேட்டார்: "அந்த ஸ்லைடு இருக்குதா?" குங்குமம் என்றவர்தான். இருந்தது. வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மெட்ராஸ்லகூட இப்படி ஒண்ணு கிடைக்காது. பத்திரமா வை. வருஷா வருஷம் காட்டலாம்."

காட்டினார். அடுத்த வருஷம் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து அவளைப் பார்த்தார்கள். எண்ணெய் விட்டதும் நான், துடைத்து வைத்ததும் நான்.

பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அந்த ஜன்னலோர இடத்தில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. அந்த இடத்துக் கருவியை எவரும் தொடவுமில்லை. சாயங்காலம் உறையை எடுத்தால் சில நாள் விளிம்பில் கறுப்பாக வட்டம் இருக்கும். பித்தளையின் கறுப்புப் பூச்சு உதிர்வதாக இருக்கலாம். துடைப்பேன். துணியில் ஒட்டும். மறுபடி ஒருநாள் இருக்கும். அட்டெண்டரிடம் கேட்டேன். "நீங்கதாங்க தொடைக்கறீங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

அவள் ஸ்லைடைக் காட்டிய அந்த வகுப்பு முடிந்து கொஞ்ச நாளில் அவள் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஆய்வகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏனுங்க சாமி, எம் புள்ள ரத்தம் இங்க இருக்குதுங்களா? எங்கூர்ப் பையன் பாத்தேன்னு சொன்னானுங்க."

பெரிய மைக்ரோஸ்கோப்பை எடுத்து வைத்தேன். முதலில் தன் இமைமயிர்தான் தெரிகிறது என்றார். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடி குனிந்தார். வெளிச்சம் விழ, கருவியின் அடியிலுள்ள கண்ணாடியை நான் வானத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"செவப்பா இல்லீங்களே."

"சாயம் போட்டதுங்க."

"கத்திரிப்பூக் கலரு. எங்கூட்டுத் தறியில ஓடற கலருங்க." கண்ணை எடுக்காமலே கேட்டார், "இதுல எதுங்க கெட்டது?"

"அந்தக் கத்திரிப்பூதாங்க."

நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் ஆத்துல கரைச்சாச்சுங்க. இது ஒண்ணு நின்னுபோச்சு. ஊட்ல அவ அம்மாளுக்குச் சோறு எறங்க மாட்டீங்குது. குடுத்தீங்கன்னா கொண்டுபோயி உட்ருவேன் சாமி."

பெரிய சாரிடம் போனேன். கல்லூரிச் சொத்து என்றார். அழுகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தால் ஆய்வகம் காலியாகிவிடும் என்றார். திரும்பி வந்தேன். அவள் அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார், கருவியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஸ்லைடை எடுத்தேன். சைலால் விட்டு எண்ணெயைத் துடைத்தேன், தாளில் மடித்துக் கொடுத்தேன். அவர் அதை வேட்டி மடிப்பில் வைக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே படியிறங்கிப் போனார். ஆற்றில் விட்டாரா, வீட்டில் வைத்தாரா, தெரியாது. கொடுத்தது சரிதான். இன்று கேட்டாலும் கொடுப்பேன்.

அன்றைக்கே என் விரலைக் குத்தி, ஒரு ஸ்லைடு இழுத்து, சாயம் ஏற்றி அதே பெட்டியில் அதே இடத்தில் வைத்தேன். பெரிய சார் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியட்டும், கேட்கட்டும், இந்த முறை வராந்தாவில் இல்லாமல் எல்லார் முன்னாலும் பேசலாம் என்று காத்திருந்தேன்.

மறு வருஷம் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்தார், நிமிர்ந்தார். "பாருங்க, வெள்ளையணு எப்படிப் பெருகிக் கிடக்குது" என்றார். பிள்ளைகள் வரிசையாகக் குனிந்தார்கள். ஆமாங்க சார், தெரியுதுங்க சார் என்றார்கள். அத்தனை பேரும்.

கடைசியாக வந்த ஒரு பெண் மட்டும் கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டாள். "இது யாரு ரத்தமுங்க சார்?"

"செத்துப்போன ஒரு ஆளோடதும்மா" என்றார் பெரிய சார்.

அவள் மறுபடி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் போன பிறகு ஐபீஸில் மை வட்டம் இருந்தது. துடைத்தேன். துடைத்துவிட்டு நானும் குனிந்து, என் ரத்தத்தில் ஊதாவைத் தேட ஆரம்பித்தேன்.