மெஷினுக்காக வந்த பாதை

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டைத் திட்டித் தீர்த்திருந்தேன். இந்த வாரம் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பார்வதி அக்காவைப் பார்க்கப் போனேன். என் கூடப்பிறந்த அக்கா. பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். பாதி மலையிலேயே ஆட்டோக்காரத் தம்பி பிரேக் போட்டார்.

"இதுக்கு மேல போகாதுண்ணே."

"ஏன்? போன தடவை லயத்து வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டீங்களே!"

"அந்த ரோட்டத்தான் மூடிட்டாங்களே."

மூடிவிட்டார்களா? குழியை மூடுவார்கள், கடையை மூடுவார்கள்... ரோட்டையா?

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை நுவரெலியாவுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. லயத்துக்கு இருந்ததோ தேயிலைக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். மழை என்றால் எல்லோர் உயிரும் கையில். ஓட்டுக் கேட்டு வந்த அத்தனை பேரிடமும் அந்த ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்று — ரோடு.

போன வருடம் ரோடு வந்தது. அவர்களுக்காக அல்ல.

அந்த மலைக்கு அடியில் ஏதோ தாது இருக்கலாமாம். துளை போட்டுப் பார்க்க அரசாங்கம் காசு ஒதுக்கியிருந்தது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயைத் தொட, அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பேனர் — 'பிராந்தியப் பொருளாதார அபிவிருத்தி'. தாது கிடைத்தால் வேலை வரும், கடை வரும், டவுனே வரும் என்றார்கள்.

யாரும் கை தட்டவில்லை. நிற்கிற மண்ணுக்கே உறுதிப் பத்திரம் இல்லாத ஜனங்கள். கீழே ஏதாவது கிடைத்தால் முதலில் யாரைக் கிளம்பச் சொல்வார்கள்?

துளை போடும் மெஷின் ஒற்றையடிப் பாதையில் ஏறாது. அதனால் மண் வெட்டும் பெக்கோ வந்தது. கல் கொட்டினார்கள், ரோலர் ஓட்டினார்கள். எத்தனையோ தேர்தலாகக் கேட்ட ரோடு, கண் முன்னால் லயத்தை உரசிக்கொண்டு மேலே போனது! ஆட்டோ அக்கா வீட்டு வாசலுக்கே வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா சும்மா உட்கார்ந்து வெயில் காய ஆரம்பித்தாள்.

தோட்டத்தில் எந்த மெஷினும் ரோதமுனிக்குப் பூசை போடாமல் ஓடாது. ஃபேக்டரிச் சக்கரத்தைக் காக்கிற சாமி. துளை மெஷினுக்கும் போட்டார்கள். அன்று நானும் இருந்தேன். சிங்கள எஞ்சினியர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். தோட்டத் தலைவர் தேங்காய் உடைத்தார். எல்லோரும் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டதைப் பார்த்து எஞ்சினியருக்கு ஒரே சந்தோஷம். பாவம் மனிதர்! அங்கே நின்ற அத்தனை பேரும் வேண்டிக்கொண்டது — 'ஒண்ணுமே கெடைக்கக் கூடாது சாமி.' நானும்தான்.

சாமி கேட்டுவிட்டது. பல இடங்களில் துளை போட்டார்கள். எடுக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். லயத்தில் பாயாசம் வைத்துக் கொண்டாடினார்கள்.

அப்புறம்... அதே பெக்கோ திரும்பி வந்தது.

தேடி முடித்தால் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. கேட்டால் நல்ல சட்டம்தான். காடு மேடு பிழைக்க வேண்டாமா? ஆனால் அந்த மலையின் பழைய நிலை என்ன? ரோடு இல்லாத நிலை!

தலைவர் எஞ்சினியரிடம் கெஞ்சியிருக்கிறார். "மாத்தயா, ரோட்ட மட்டும் அப்பிடியே விட்டுட்டுப் போயிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எஞ்சினியர் முகம் வாடிப்போய் சிங்களத்தில் சொன்னாராம்: "மூடுவதற்கும் சேர்த்துத்தான் காசு தந்திருக்கிறார்கள். மூடாமல் போனால் ஆடிட்டில் நான் மாட்டிக்கொள்வேன்."

கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. ஒரு நாள் ஆட்டோ வராதபோது தன் ஜீப்பிலேயே அக்காவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டவர். அதனால்தான் சொல்கிறேன், யாரைத் திட்டுவது? விட்டுவிட்டுப் போக ஒரு சதமும் வேண்டாம். ஆனால் விட்டுவிட்டுப் போவதற்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. மக்கள் காசில் போட்ட ரோட்டை மக்கள் காசிலேயே வெட்டி, மேலே மண்ணைப் பிடித்துவைக்கிற மானாப்புல் நட்டிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. புல் நன்றாக வளர்கிறது.

தெரிந்த அதிகாரி ஒருவருக்கு போன் போட்டேன். "எங்களுக்குத் தாது மட்டும்தான். ரோடு வேறு இலாகா" என்றார். அந்த வேறு இலாகா போனை எடுக்கவில்லை.

ராத்திரி அக்கா வீட்டிலேயே தங்கினேன். திங்கட்கிழமை காலை அவளுக்கு ஆஸ்பத்திரி நாள். மறுபடியும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன். தூறல். வழுக்கல். மூச்சு வாங்கி, ஓரிடத்தில் நாற்காலியை இறக்கி வைத்தோம். பக்கத்தில் புல்லுக்குள் வட்டமாக ஒரு சிமெந்து மூடி. துளை போட்ட இடம்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் தம்பி தப்பா வேண்டிக்கிட்டேன்."

"நீங்க மட்டுமாக்கா? நாங்க எல்லாருந்தான்."

அவள் சமாதானம் ஆகவில்லை. அழுதுவிடுவாளோ என்று பயந்து, விளையாட்டாகக் கேட்டேன். "சரிக்கா, திரும்ப மெஷின் வந்தா என்னா வேண்டிக்குவீங்க?"

நனைந்த முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் கெடைக்கவும் வேணாம், அவங்க போகவும் வேணாம். நான் இருக்கிற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கட்டும்!"