தப்பு டீச்சர்

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த அவளைப் பிள்ளைகள் ‘தப்பு டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நிற்பாள். “தப்பு டீச்சர்!” என்று வகுப்பே கத்தும். திருத்துவது பிள்ளைகளின் வேலை; அவள் வாயே திறக்க மாட்டாள். பக்கத்து அறையில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். என் வகுப்பில் ஒருநாளும் யாரும் அப்படிக் கத்தியதில்லை என்ற பொறாமையும் உண்டு.

பள்ளியை மூடிவிட்டு எல்லோரும் ஆன்லைனில் பாடம் எடுங்கள் என்றதும், அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. முதல் நாள் வழக்கம்போல் தப்பாகப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். திரையில் முப்பத்தெட்டு கறுப்புக் கட்டங்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“சுவத்துக்குப் பாடம் எடுத்தா எதிரொலியாவது வரும்டி” என்று போனில் என்னிடம் அழுதாள்.

தாளாளருக்கு அழுகையெல்லாம் ஆகாது. “ரெண்டு மாசம் டைம் டீச்சர். பழகிக்கலைன்னா வேற ஆள் பாத்துக்கறோம்” என்றார். அவள் கணவர் படுத்த படுக்கை. அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். “நாப்பது நிமிஷம் நீயே பேசினா யாரும்மா கேப்பா? பத்து நிமிஷம் பேசு. அப்புறம் அவங்கள பேச விடு.” நோட்டுக்கு நேர் மேலே போனைக் கட்டித் தொங்கவிட்டதும் அவள்தான். டீச்சர் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து மைக்கைத் திறக்க வைத்தாள். வாயே திறக்காத பிள்ளைக்குச் சாயங்காலம் தனியாகப் போன் போட்டாள். ஏழாவது வாரம், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லிவிட்டு, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் சேர்த்து ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதினாள். முப்பத்தெட்டு வீடுகளிலிருந்தும் “தப்பு டீச்சர்!” என்று வந்தது. அன்றைக்கு அவள் எனக்கு மூன்று தடவை போன் செய்தாள்.

தாளாளருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். மகள் பதிவு செய்துவைத்திருந்த அந்த வகுப்பை வாங்கிக்கொண்டு, இனி எல்லா வகுப்பையும் பதிவு செய்துகொடுக்கச் சொன்னார். இவளும் வருடம் முழுக்கச் செய்துகொடுத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

வருடக் கடைசியில் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்க வீடியோவே போதும் டீச்சர். அடுத்த வருஷம் நீங்க சிரமப்பட வேணாம்.”

மன்றாடிப் பார்த்தாள். அவர் இறங்கிவரவில்லை. கிளம்பும்போது கேட்டாள்: “பிள்ளைங்க தப்புன்னு சொல்ற இடமெல்லாம் அப்படியே இருக்குல்ல சார்?”

“ஒரே கூச்சல் அது. பசங்க பேசறத மொத்தமா வெட்டியாச்சு. இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா?”

நானும் போய்ச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். இன்றுவரை பார்க்கவில்லை.

போன மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, மகளையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே பள்ளி, அதே ஐந்தாம் வகுப்பு. நோட்டில் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று இருந்தது.

“இது தப்பும்மா” என்றாள் டீச்சர்.

“வீடியோல எங்க டீச்சர் இப்படித்தான் போட்டாங்க.”

“அந்த டீச்சரே நான்தான் கண்ணு.”

வீடியோவில் ஒரு கையும் நோட்டும்தான் தெரியும். சிறுமி இவளை மேலும் கீழும் பார்த்தாள். நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“நீங்க இல்ல ஆன்ட்டி. அவங்க தப்பே போட மாட்டாங்க.”