பின்னுக்கு வராத சென்டர் ஃபோர்வேட்

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், சத்திரசிகிச்சை முடிந்தவர்களை நடை பழக்கும் ஒரு றீஹா கிளினிக்கில் பிஸியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக, புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. இடுப்பு மூட்டு மாற்றிய பெப்பினோ என்ற இத்தாலியர் வந்தார். தொண்ணூறு வயதிருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன் தன் ஊர் உதைபந்தாட்டக் கிளப்பின் சென்டர் ஃபோர்வேட். அந்தக் காலத்துத் தோல் பந்தை இழுத்துக் கட்டிய வார் கிழித்த தழும்பு நெற்றியில் இருந்தது. அதைத் தடவிக்கொண்டுதான் தான் அடித்த கோல்களைச் சொல்லுவார். சொல்லச் சொல்லக் கோல் கூடும். பந்து சோறு போடாத காலத்தில் ஜேர்மனிக்கு வந்து, தையல் மெஷின் பாக்டரியில் பென்ஷன்வரை உழைத்தவர்.

முதல் நாளே எனக்கு உயிர் போய் வந்தது. ரொலாட்டர் என்ற சில்லு வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நன்றாகத்தான் நடந்தார். கதிரையில் இருப்பதென்றால் திரும்பி நின்று, அது கெண்டைக்காலில் முட்டும்வரை பின்னால் அடி வைக்க வேண்டும். இவர் எட்ட நின்றே தொப்பென்று விழுந்தார். அரைக் கதிரைதான் அகப்பட்டது. தவறியிருந்தால் புது மூட்டு கழன்றிருக்கும்.

"பின்னுக்கு வாங்கோ" என்று கெஞ்சினேன்.

"பின்னுக்குப் போறது டிஃபென்ஸ்காரன்ரை வேலை!"

வெள்ளிக்கிழமை பெரிய டொக்டர் வந்து பார்ப்பார். யாரும் உதவாமல் ஒழுங்காகக் கதிரையில் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் முதியோர் இல்லம். மனைவியோடு வாழ்ந்த வீட்டில்தான் சாவேன் என்று பெப்பினோ அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆளின் பிடிவாதத்தில் எரிச்சலும் வந்தது.

வீட்டில் புலம்பினேன். என் கணவர் தமிழ் விளையாட்டுக் கழகப் போட்டிகளில் லைன்ஸ்மன். வார விடுமுறையில் கொடி பிடித்து ஏச்சு வாங்கி வருகிறவர்.

"இதென்ன பெரிய விசயமே? ஓஃப்சைட், அளவுக்கு மிஞ்சி முன்னுக்கு நிக்கிறாய் எண்டு கொடியைத் தூக்கு. எந்த ஃபோர்வேட்டும் பின்னுக்கு வரத்தானே வேணும்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்லையப்பா. செய்து பார்."

அடுத்த நாள் பெப்பினோ எட்ட நின்றதும் மஞ்சள் துவாயைக் கொடிபோலத் தூக்கி, ஓஃப்சைட்டை ஜேர்மனில் "அப்ஸைட்ஸ்!" என்று கத்தினேன். அவர் முகம் சிவந்தது.

"கண் தெரியேல்லையோ உனக்கு? நான் சரியாத்தான் நிண்டனான்!"

ஏசிக்கொண்டே பின்னால் வந்தார். கதிரை காலில் முட்டியது, இருந்தார். அதன்பின் தினமும் அதே சண்டைதான். அந்த ஏச்சை இப்போது நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டொக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் கதவடியிலை நில்லுங்கோ. ஒண்டும் சொல்லக்கூடாது" என்றார். துவாயையும் வாங்கி வைத்துவிட்டார். பெப்பினோ நடந்தார், திரும்பினார், எட்டவே நின்றார். என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

பெப்பினோ தன் கையையே மேலே தூக்கினார்.

"அப்ஸைட்ஸ்!"

அடி அடியாகப் பின்னால் வந்து மெல்ல இருந்தார். டொக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"டொக்டர், என்ரை வாழ்க்கையிலை நான் ஒத்துக்கொண்ட முதல் ஓஃப்சைட் இது" என்றார் பெப்பினோ.

அவர் வீட்டுக்குப் போனார். சில வருடம் கழித்து அங்கேயே கண்ணை மூடினார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளே, புது ஆள் வந்தால் எங்கே நோகிறது என்று பிறகு கேளுங்கள். என்னவாக இருந்தவர் என்று முதலில் கேளுங்கள்.