அம்மனுக்கு நேர்ந்த வெள்ளிக் கால்

மகமாயியை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் வலது கால் போன கதையையும், அதற்குப் பிறகு அவள் எனக்குச் செய்ததையும் சொல்ல வந்திருக்கிறேன். அழாமல் சொல்லப் பார்க்கிறேன். முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் முனியாண்டி. பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசி ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. ஒரு நாள் ஏதோ ஒரு முள் செருப்பைத் தாண்டி வலது பாதத்தில் குத்தியது. எனக்கு வலிக்கவே இல்லை. இனிப்பு நீர்க்காரனுக்கு வலிக்காததுதான் ஆபத்து என்று அப்போது யார் கண்டார்கள்? புண் கறுத்து மேலே ஏறிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். என் மனைவி லெட்சுமி அம்மன் முன்னால் விழுந்து, காலைக் காப்பாற்றிக் கொடுத்தால் வெள்ளித் தகட்டில் ஒரு கால் செய்து சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"அந்த வேண்டுதல இனிமே என்னங்க பண்றது?" என்று லெட்சுமி கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கால் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கோயிலில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதுவரை திருவிழா என்றால் முனியாண்டி இல்லாமல் ஒரு கூடாரம் நிற்காது. அன்னதான அண்டாவைத் தூக்குவதும் நான்தான், வரிசையில் முண்டியடிப்பவனை அதட்டுவதும் நான்தான். பொய்க்கால் மாட்டிக்கொண்டு, மஞ்சள் தொண்டர் சட்டையும் போட்டுக்கொண்டு அடுத்த திருவிழாவுக்குப் போனேன். கோயில் தலைவர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ முனியாண்டி, உங்களுக்கு ஏன் இந்த செரமம்? ஒக்காருங்க லா. சாப்பாடு நானே கொண்டாறேன்."

செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல மனுஷன்தான். அவர் மேல் தப்பில்லை. வெயிலுக்கு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியூர் அம்மா ஒருவர் குனிந்து என் மடியில் ஒரு நோட்டை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். துண்டுக்குள் இருந்த தொண்டர் சட்டை அவருக்குத் தெரியவில்லை. அந்த நோட்டை எடுத்து உண்டியலில் போடக்கூட எனக்குக் கை வரவில்லை.

அதோடு கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். வீட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சண்டைதான் போட்டேன். அதையும் பிரார்த்தனை என்றுதான் சொல்ல வேண்டும். "ஆத்தா, கால நான் கேக்கல. அது போச்சு. எனக்கு ஒரு வேலை குடு. இல்லன்னா என்னையும் எடுத்துக்க." தினமும் இதே பேச்சு. படம் சிரித்த முகமாகவே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் சாயங்காலம் சரசு என்கிற பெண் வந்தாள். எங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருப்பவள். அவள் புருஷன் குணா தினமும் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவன். அவனுக்கும் இனிப்பு நீர், காலில் புண். மருத்துவமனையில் பாதத்தை எடுக்க வேண்டும் என்கிறார்கள், அவன் முடியவே முடியாது என்கிறான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, வெட்ட விடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணே, நீங்க வந்து பேசுங்கண்ணே. ரெண்டு காலும் உள்ளவங்க சொன்னா அவரு கேக்க மாட்டேங்கிறாரு."

எனக்குச் சுருக்கென்றது. காட்சிப் பொருளாகவா கூப்பிடுகிறாள் என்று தோன்றியது. வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். லெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வேலை குடுன்னு தெனமும் கத்துனீங்கல்ல? வந்திருக்கு. போங்க" என்றாள்.

போனேன். குணா மருத்துவமனைக் கட்டிலில் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொய்க்காலைக் கழற்றி அவன் பக்கத்தில் வைத்தேன். வெட்டிய காலை லெட்சுமியைத் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. அவன் மெல்லப் போர்வையை விலக்கிப் பார்த்தான். பிறகு தொட்டும் பார்த்தான்.

"வலிக்குதாண்ணே?"

"வலி இல்லடா. இல்லாத கட்டவெரலு அரிக்குது. சொரியத்தான் வழியில்ல."

அவன் சிரித்துவிட்டான். சரசு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கே குணா அறுவைக்குச் சம்மதித்தான்.

சொந்தங்களே, இங்கே முடிந்திருந்தால் இது சந்தோஷமான சாட்சியாக இருந்திருக்கும். விஷம் முன்னமே ரத்தத்தில் ஏறியிருந்தது. காலை எடுத்தும் குணா பிழைக்கவில்லை. சாவு வீட்டில் நான் வாசலிலேயே நின்றேன். 'என் புருஷனை வெட்டக் கொடுக்கச் சொன்னவன் நீதானே' என்று சரசு கேட்டால் என்ன சொல்வேன்? கேட்ட வேலையைக் கொடுத்து அதையும் பாழாக்கிவிட்டாயே என்று அம்மனை மனசுக்குள் வைதேன்.

கருமாதி அன்று சரசுவே என்னிடம் வந்தாள்.

"கடைசி நாளுங்கள்ல அவரு மூஞ்சிய மூடிக்கலண்ணே. எங்ககூட நல்லா பேசினாரு. அது உங்களாலதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தவங்களுக்காவது சீக்கிரமா போங்கண்ணே."

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. சீக்கிரமாகப் போவது எப்படி? மருத்துவமனைக் கட்டிலுக்கு வருவதற்கு முன்னால் அவர்களை எங்கே பிடிப்பது? யோசித்து யோசித்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. கோயிலில் எல்லாரும் செருப்பைக் கழற்றியாக வேண்டும். எல்லார் பாதமும் அங்கே வெறும் பாதம்தான். என்னை உட்கார வைத்த இடம் அது. அம்மன் எனக்கு எப்போதோ வேலையைக் காட்டிவிட்டாள், கோபத்தில் நான்தான் பார்க்கவில்லை.

மறுபடியும் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தலைவர் வழக்கம்போல "ஒக்காருங்க முனியாண்டி" என்றார்.

"ஒக்காரத்தான் வந்தேன் தலைவரே. ஆனா வேலையா ஒக்காருறேன்" என்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. மஞ்சள் சட்டைகள் இன்னும் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் சிவா ஒன்றை வாங்கிக்கொண்டான். கண் தெரியாத மங்களம் அக்காவும் ஒன்றை வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றுகிறவர் பாதத்தில் புண் இருந்தால் அவரை நான் பிடித்து நிறுத்துவேன், சிவா கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஆள் ஏற்பாடு செய்வான், பயந்துபோன குடும்பத்தோடு அக்கா பேசுவார். இந்தக் கூட்டத்துக்கு நான் தலைவனாம். கேட்டால் லெட்சுமிக்குச் சிரிப்பு தாங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் குதிகாலில் கறுத்த புண்ணைப் பார்த்தேன். "உங்க வேலையப் பாருங்க" என்று என்னைத் திட்டினாள். இதுதான் தாயே என் வேலை என்றேன். மங்களம் அக்கா அவளை விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் வந்து, என் நாற்காலிக்கு முன்னால் ஆறிய பாதத்தை வைத்து விரல்களை ஆட்டிக் காட்டினாள். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். குணாவின் நினைவு வந்துவிட்டது.

அடுத்த வாரமே லெட்சுமி வெள்ளிக் காலை வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மன் பாதத்தில் வைக்கும்போது ஐயர் புரியாமல் என்னைப் பார்த்தார். "காலு போயிடுச்சே முனியாண்டி, இது எதுக்கு?"

"இவரு கால் இல்லீங்க சாமி. அந்தப் பொண்ணோட காலு" என்றாள் லெட்சுமி.

உடம்பு முடியாமல் வீட்டுக்குள் கிடக்கும் சொந்தங்களே, அம்மனோடு சண்டையாவது போடுங்கள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எங்கள் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, சட்டை இன்னும் இருக்கிறது. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது செருப்பு கழற்றும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெட்கப்படாமல் பாதத்தைக் காட்டுங்கள். குணாவுக்கு நான் பிந்திவிட்டேன்.