நான் ஒட்டிய கடதாசி மாமா

நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது இங்கே ஏழு மாட்டுத்தொழுவம் இருந்தது. இப்போது ஒன்றுதான். அன்று சோளம் நின்ற இடமெல்லாம் வரிசை வீடுகள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. மியூனிக்குக்கு நாற்பது நிமிடம் என்பதால் சனம் வந்துகொண்டே இருக்கிறது. காலையில் போகிறவர்கள் இருட்டுப்படத்தான் திரும்புவார்கள். பகல் முழுக்க ஊரில் இருப்பது நாய்களும் குழந்தை வண்டிகளும் என்னைப் போன்ற வயது போனவர்களும்தான். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வருவார்கள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்பேன். இந்த ஊரில் கால் வைத்த முதல் தமிழ்ப் பிள்ளை நான்தான் என்று அவர்களுக்கு எதற்குச் சொல்லவேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தேவாலயத்துக்கு எதிரே இருந்த பழைய சாப்பாட்டு விடுதியின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறை தந்திருந்தார்கள். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை பெரியவர்கள் வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எனக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், நாங்கள் விட்டுவந்த ஊரில் மாமி கைக்குழந்தையோடு இருக்கிறார், அவர்களைக் கூப்பிட்டு எடுக்கவேண்டும் என்பதைத் தவிர மாமாவுக்கு வேறு பேச்சில்லை என்பதுதான்.

மாமா ஒருநாள் பழைய பொருட்சந்தையில் தோல் பெட்டி ஒன்று வாங்கி வந்தார், அலுவலக வேலைக்குப் போகும் கந்தோர்க்காரர் கையில் வைத்திருப்பது போல. தேவாலயத்தில் கொடுத்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியோடு தினமும் காலை ரயிலுக்குப் போவார். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் பார்ப்பேன். மேடையில் அந்த நாளில் பத்துப் பேர் நின்றால் அதிகம். மாமா எப்போதும் நெடிய ஐயா ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பார். அந்த ஐயா புது வீட்டுக்குக் குடிவந்தவர். அவர் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பும்போது மாமாவும் தன்னுடையதைத் திருப்புவார். இந்த நாட்டுப் பாஷையான டொச்சில் ஓர் எழுத்தும் தெரியாத மாமா அதில் என்ன வாசித்தார் என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கே போகிறார் என்றும் நான் கேட்கவில்லை. கேட்கப் போனேன், ஒருமுறை. அம்மா வாயைப் பொத்திவிட்டார்.

"வெளிக்கிடுற ஆளை எங்க போறியள் எண்டு கேக்கிறதே? போற காரியம் சரிவராது. இவ்வளவு வளந்தும் தெரியாதே உனக்கு?"

"கேக்கட்டும் அக்கா," என்று மாமா சிரித்தார். "நான் சீமைத் துரையைப் பாக்கப் போறன் பிள்ளை."

எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். அம்மாவுக்கு அது நல்ல வசதியாகவும் இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கேட்கக்கூடாத கேள்விக்கு நானே பதில் கட்டிக்கொண்டேன். மாமா மியூனிக்கில் ஒரு கந்தோரில் வேலை. அந்தப் பெட்டிக்குள் இருந்தவை றப்பர் சப்பாத்தும் ஏப்ரனும் என்றும், அவர் போனது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவ என்றும் யார் எனக்குச் சொன்னார்கள்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில், வளருகிற எங்கள் ஊர் என்று ஒரு பெரிய படம் செய்தோம். சுவரளவு கடதாசியில் தேவாலயம், வயல், புது வீடுகள், ரயில் நிலையம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு ஆளைக் கடதாசியில் வெட்டி, அவர் வேலை செய்யும் பக்கம் ஒட்டவேண்டும். வயலில் நாலு பேர்தான் சேர்ந்தார்கள். நிலையத்தில் இடம் போதவில்லை.

என் வாங்கில் பக்கத்தில் இருந்த பெட்டை டொச்சில் கேட்டாள்: "உங்கட ஆக்கள் மேல இருந்து ஜன்னலாலதானே பாக்கினம். அவையை எங்க ஒட்டுறது, ஜன்னலிலயோ?"

வகுப்பு சிரித்தது. நான் மண்ணிறக் கடதாசி எடுத்தேன். நீளக் கோட்டு, கையில் பெட்டி. நிலையத்தின் நடுவில், எல்லாருக்கும் முன்னால் ஒட்டினேன். கீழே எனக்குத் தெரிந்த டொச்சில், விடுதி மேல்மாடியில் இருக்கும் என் மாமா என்று எழுதினேன்.

ஊர்த் திருவிழா ஞாயிறன்று படத்தை ஊர் மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். பின்னேரம் அந்த நெடிய ஐயா வந்தார். மண்ணிற மனிதனுக்கு முன்னால் நின்றார். இது யார் என்று என்னைக் கேட்டார். என் மாமா, தினமும் உங்களோடுதான் ரயிலில் வேலைக்குப் போகிறார் என்றேன். அவர் குனிந்து கீழே எழுதியிருந்ததை வாசித்தார். நல்ல வேலைப்பாடு என்றார். அவர் வேலை பார்த்தது வெளிநாட்டவருக்கு விசா கொடுக்கிற மாவட்டக் கந்தோரில் என்று யாருக்குத் தெரியும். ஐந்தாறு மாதம் தோளோடு தோள் நின்றும் அவருக்கு மாமாவைத் தெரியாமலே இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நிலையத்தில் இரண்டு பேர் மாமாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். றப்பர் சப்பாத்து மேடையில் விழுந்ததாம். நெடிய ஐயா பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி நின்றாராம்.

மாமாவை வேறு முகாமுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து வேலைக்குப் போக ரயிலே இல்லை. அடுத்த வருடம் விண்ணப்பத்தை மறுத்தார்கள். திரும்பிப் போகச் சம்மதம் என்று கையெழுத்து வைத்துவிட்டு ஊருக்குப் போனார். மாமியையும் பிள்ளையையும் கண்டுவிட்டேன் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு அங்கே கலவரம். கடிதம் வரவில்லை.

"ஆர் காட்டிக் குடுத்ததோ," என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. யாருக்கும் தலை குனியாத ஆள் நான். அம்மாவின் அந்தக் கேள்விக்கு மட்டும் குனிந்திருக்கிறேன்.

அந்தத் திருவிழா ஞாயிறு காலை நடந்ததையும் அவருக்குச் சொல்லவில்லை. நெடிய ஐயா வருவதற்கு முந்தி, ஒருவரும் வராத நேரத்தில், மாமாவை நான்தான் கையைப் பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் கடதாசி மாமாவைப் பார்த்தார். கீழே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். பிறகு அந்தக் கடதாசியின் மூலையொன்றை நகத்தால் மெல்லக் கிளப்பினார்.

"வடிவா ஒட்டினனியோ, பிள்ளை?"

"ஓம் மாமா. ரெண்டுதரம் பசை பூசினனான். எங்கட வீட்டு ஆள்தான் முன்னுக்கு நிக்கிறார், பாருங்கோ."

மாமா வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கிளம்பிய மூலையைப் பெருவிரலால் அழுத்தி, திரும்பவும் ஒட்டிவிட்டார். என் பசை பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.